மிச்ச முடி

என் வீட்டுக்காரர் லோகநாதன் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர். அடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, எந்த நசுங்கல் விபத்தில் வந்தது, எது முன்பே இருந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பிரித்துச் சொல்வதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்குக் கார் கிடைக்காததால் மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தார். பால்காரர் சிரித்தால் ஏன் சிரித்தார் என்று யோசிப்பார். பக்கத்து வீட்டில் அதிரசம் கொடுத்தனுப்பினால், அவர்களுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டும் என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் அதிரசத்தைக் கடிப்பார். அதனால் சுகந்தி அம்மாள் அந்தப் பரிசைப் பற்றிச் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகம் கோணியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுகந்தி அம்மாள் எங்கள் சம்பந்தி ஆக வேண்டியவர். எங்கள் ஒரே மகள் சஷ்மிதா கால்நடை மருத்துவர். கோபிப் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஹர்ஷவர்தன் வீட்டுப் பசு ஒன்று கன்று போட முடியாமல் தவித்தபோது இவள் போய்க் காப்பாற்றிவிட்டு வந்தாள். வந்தவள் பசுவைப் பற்றி ஒரு தரமும் அந்தப் பையனைப் பற்றி மூன்று தரமும் பேசினாள். எத்தனையோ வரன்களை ஏறெடுத்தும் பார்க்காத பெண் ஒருவனைப் பற்றித் தானாகப் பேசினால் பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? தரகரை விட்டுக் கேட்டோம். அவர்களும் சரி என்றார்கள். ஈரோட்டில் எங்கள் வீட்டில் வைத்தே உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்துகொண்டோம்.

அன்றைக்குக் கிளம்பும்போதுதான் சுகந்தி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நிச்சயத்துக்கு இன்னும் நாள் இருக்குதுங்களே. அதுக்குள்ள நம்ம பொண்ணு ரெண்டு கைக்கும் லேசர் பண்ணிக்கட்டுமுங்க. செலவு எங்களுது. வளையல் போடறப்ப கை பளபளன்னு இருக்கட்டும்."

இப்போதெல்லாம் முடி எடுக்கும் லேசர் இல்லாத தெரு ஏது? மாவு அரைக்கும் கடைக்குப் பக்கத்தில் ஒன்று, மருந்துக் கடைக்கு மேலே ஒன்று. நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவர்கள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுக்குச் சும்மா ஏதாச்சும் குடுத்து நீ பாத்திருக்கியா கோகிலா?"

"நல்ல மனசு இருந்தா குடுப்பாங்க."

"நல்ல மனசு இருந்தா மொகத்துக்குன்னு சொல்லியிருப்பாங்க. கல்யாணப் பொண்ணுகிட்ட எல்லாரும் பாக்கறது மொகந்தான? கைக்கு மட்டும் எதுக்கு?"

"எல்லாத்தையும் கிண்டிக்கிட்டே இருக்காதீங்க. போய்ச் சாப்பிடுங்க."

சாப்பிட்டார். ஆனால் ரசம் ஊற்றிக்கொள்ளும்போதும் "கைக்கு எதுக்கு?" என்று ஒரு தரம் கேட்டார்.

பெருந்துறை ரோட்டில் இருந்த அந்தச் சிகிச்சையகத்துக்கு சஷ்மிதாவோடு நானும் போனேன். டாக்டர் ஷெரின் என்று ஒரு பெண். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும். அவர் சஷ்மிதாவின் கையில் குளிர்ச்சியாக எதையோ தடவிக்கொண்டிருக்கும்போது நான் மெதுவாக என் சங்கதியை எடுத்தேன்.

"டாக்டரம்மா, அவளுக்குப் பண்றதோட பண்றதா, என்ற தாடைல இருக்கற நாலு முடியையும் எடுத்து உட்ருங்களே."

அவர் என் தாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நரைச்சிருச்சுங்களே அம்மா. கறுப்பா இருக்கறப்பவே வந்திருக்கணும்."

"நரைச்சா என்னங்க? முடி முடிதானுங்களே?"

"லேசருக்கு அப்படி இல்லைங்க. கறுப்பு முடிதான் வெளிச்சத்த இழுத்துக்கும். இழுத்துச் சூடாகி, அந்தச் சூட்ட வேர் வரைக்கும் கொண்டு போகும். வேர் வெந்துருச்சுன்னா பொறவு மொளைக்காது. வெள்ளை முடில இழுத்துக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைங்க. வெளிச்சம் பட்டுட்டு அப்படியே போயிரும். நாள் பூரா அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. செம்பட்டை முடி கூட அரைகுறையாத்தான் கேக்கும்."

"அப்ப டை அடிச்சுட்டு வரட்டுங்களா?"

சஷ்மிதா கண்ணை மூடிக்கொண்டே "அம்மா!" என்றாள்.

"டை வெளியதானுங்க நிக்கும். வேருக்குள்ள போகாதுங்களே." டாக்டர் தன் கையில் இருந்த கருவியைத் தட்டிக் காட்டினார். "முன்னெல்லாம் நம்ம நெறத்துக்குப் பயந்து பயந்துதான் லேசர் பண்ணுவாங்க. தோல்ல இருக்கற கறுப்பும் முடில இருக்கற கறுப்பும் ஒரே சரக்குதானுங்க. கொஞ்சம் தப்புனா முடிக்குப் பதிலாத் தோலு வெந்துரும். இந்த மிஷின் அப்படி இல்ல. ஒவ்வொரு முடியோட வேரையும் தனித்தனியாப் பாத்து, அதுல போதுமான கறுப்பு இருந்தாத்தான் சுடும். லேசாச் சந்தேகம் வந்தாலும் விட்ரும்."

சந்தேகப்படுகிற மிஷின் என்றதும் எனக்கு வீட்டில் இருக்கும் ஆளின் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

கடைசித் தடவை போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு கையும் பளிங்கு போல ஆகியிருந்தது. இடது முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக, ஓர் எலுமிச்சை வில்லை அளவுக்கு மட்டும் முடி அப்படியே நின்றது. டாக்டர் கருவியை அந்த இடத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தியதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

"இத விட்ரலாமுங்க. மிஷின் தொட மாட்டேங்குது."

"கறுப்பாத்தானுங்களே இருக்குது?" என்றேன்.

"நம்ம கண்ணுக்குக் கறுப்பு. வேர்ல சாயம் வத்த ஆரம்பிச்சிருச்சு. மிஷினுக்கு அது இப்பவே வெள்ளை மாதிரிதான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வேகமாகச் சொன்னார். "பயப்படாதீங்க. இன்னும் பல வருஷம் கழிச்சு அந்த எடத்துல முடி நரைக்கலாம். தோலும் கொஞ்சம் வெளுக்கலாம். ஒண்ணுமே ஆகாமயும் போகலாம், நெறையப் பேருக்கு ஒண்ணும் ஆறதில்ல. அப்படியே வெளுத்தாலும் அது ஒட்டற நோய் இல்லைங்க, உசுருக்கு ஒரு கெடுதலும் இல்ல. நான் சொல்றது காதுல விழுதுங்களா அம்மா?"

விழவில்லை. என் கை தானாக என் இடுப்புக்குப் போயிருந்தது.

கல்யாணமான புதிதில் என் இடுப்பில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்து அதோடு நின்றுவிட்டது. புடவைக் கட்டுக்குள் அடங்குகிற இடம். என் மாமியாருக்குச் சாகும்வரை தெரியாது. கூடப் பிறந்த அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஊரையே துருவித் துருவிக் கேட்கிற மனிதர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. எவ்வளவு எரிச்சல் மூட்டினாலும் அந்த ஒன்றுக்காகவே நான் அவரை மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறேன். இப்போது என்னுடையது என் பெண்ணுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தபோது அந்த நாற்காலியிலேயே கரைந்து போய்விடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் சத்தம் போடவில்லை. எழுந்து போய் வண்டிச் சாவியை எடுத்தார். பவானிக்குப் போனார், சென்னிமலைக்குப் போனார், மண்டபங்களில் சமையல் செய்கிறவர்களிடமும் பூக்கட்டுகிறவர்களிடமும் உட்கார்ந்து பேசினார். திரும்பி வந்தவர் வேலையில் இருந்த காலத்தில் பொய் க்ளெய்ம் ஒன்றைப் பிடித்துவிட்டு வருவாரே, அதே முகத்தோடு வந்தார்.

"கைய நீட்டு" என்றார். நீட்டினேன். என் மணிக்கட்டில் விரலை வளைத்து, வளையல் ஏற்றுவது போலப் பாவனை செய்துகொண்டே, கட்டை விரலால் முழங்கை வரைக்கும் எதிர்ப்பக்கமாகத் தடவினார்.

"வளையல் போடறப்ப கையத் தொடலாம், தடவலாம், வெளிச்சத்துக்குத் திருப்பலாம். ஒருத்தரும் ஏன்னு கேக்க முடியாது. லேசர் பண்ணின கைல எது மிச்சம் நிக்குதோ அதுதான் ரிப்போர்ட்டு. டாக்டருகிட்டக் கேட்டா சட்டம் இருக்குது, சொல்ல மாட்டாங்க. முடிகிட்டக் கேட்டா சொல்லிரும்."

"என்னங்க சொல்றீங்க?"

"வேற மாப்பிள்ள வீட்டுக்காரங்களும் இப்படி லேசர் பண்ணிவிட்டு, வளையல் போட்டுப் பாத்துட்டு, பொருத்தம் சரியில்லைன்னு ரெண்டு எடத்துல கல்யாணத்த நிறுத்தியிருக்கறாங்க. அந்தப் பொண்ணுகளுக்கு வெளிய ஒரு பொட்டு வெள்ளை கூட இல்ல. 'மிச்சம்'னு பேரே வெச்சுட்டாங்க. பொண்ணுக்கு மிச்சம் இருக்குதான்னு கேக்கறாங்களாமா."

இன்றைக்கு அந்தச் சொல் ஊருக்கே தெரியும். முழுக்கை ரவிக்கையும் கழுத்துப் பட்டை தூக்கிய சட்டையும் ஏன் திடீரென்று வந்தன என்பதும் தெரியும். நான் முதல் முதலாகக் கேட்டது அன்றுதான். சுகந்தி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

சஷ்மிதா எல்லாவற்றையும் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தியூர்ச் சந்தைல மாட்டுக்குச் சுழி பாப்பாங்க" என்றாள். "முடி எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்துட்டு, இது ஆகும், இது ஆகாதும்பாங்க. ஆனா மாட்டுக்காரன் கண்ணு முன்னால பாப்பாங்க. மறைச்சு மறைச்சுத் தடவ மாட்டாங்க."

"அதுக்குத்தான் சொல்றேன் அம்மணி..."

"நான் ஹர்ஷாகிட்ட நேராச் சொல்லிர்றனுங்கப்பா. அவரு அப்படிப்பட்டவர் இல்ல."

"அவன் நல்லவன்தான். நான் இல்லைங்கல. அவங்கம்மா விடோணுமே!" என்றார் அவர். "அந்த முடிய நூல் போட்டு எடுத்துரலாம். வளையல் போடற அன்னைக்குக் கை மொழுமொழுன்னு இருந்தாப் போதும். மொளைக்கறதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிரும்."

சஷ்மிதா என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பேசுவேன் என்று நினைத்திருப்பாள். நான் அழுதேன். "என்ற ஒடம்புல இருக்கறது உனக்கு வந்துருச்சு சாமி. அதனால இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்றேன்.

"உங்க இடுப்புல இருக்கறது எனக்கு எட்டாவது படிக்கறப்பவே தெரியுமுங்கம்மா" என்றாள். "சரி, பண்ணுங்க. உங்களுக்காகத்தான்."

நிச்சயத்தன்று காலையில் என் கையாலேயே நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முடியாக எடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வளையல் போடும் நேரம் வந்தது. என் வீட்டுக்காரர் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. சுகந்தி அம்மாள் பெண்ணை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். வளையலை ஏற்றுகிற சாக்கில் கட்டை விரல் கீழிருந்து மேலே போனது. வலது கை முடிந்து இடது கை. உள்பக்கம், வெளிப்பக்கம். மறுபடியும் வலது கை. 'பாரு, நல்லாப் பாரு' என்று எனக்குள் கறுவிக்கொண்டே நான் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் தேடிய எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கடைசி வளையலைப் போடும்போது முகம் சுண்டிப் போயிருந்தது.

"ஏமாந்துட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். மாப்பிள்ளைப் பையன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே தரகர் போன் செய்தார். ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டினார்களாம், பொருத்தம் சரியில்லையாம். நாங்கள் போட்ட சீரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

வீடு செத்த வீடு போல ஆனது. சஷ்மிதா ஹர்ஷாவுக்குப் போன் செய்து பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செய்தி அனுப்பினாள். அதற்கும் பதில் இல்லை. அழுதால்கூடத் தேற்றலாம். அவள் அழாமல் வேலைக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள். தட்டில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்தாள். என் வீட்டுக்காரர் ஆளாளுக்குச் சந்தேகப்பட்டார். டாக்டர் ஷெரின் சொல்லியிருப்பார் என்றார். தரகர் என்றார். மிஷினே நேராக அவர்கள் போனுக்குத் தகவல் அனுப்பியிருக்கும் என்றார். போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பியவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

மறுநாள் காலை அவரிடம் சொல்லாமல் கோபிக்கு பஸ் ஏறினேன். ஓட்டுநர் இல்லாத பஸ் வந்து எத்தனையோ காலமாகியும் எனக்குப் பயம் போகவில்லை. அன்றைக்கு அந்தப் பயம்கூட வரவில்லை. அவ்வளவு கோபம்.

சுகந்தி அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தண்ணீர் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

"என்ற பொண்ணு கைல என்னத்தத் தேடுனீங்க?"

அவர் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். எதிரில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மிச்சத்தத்தானுங்க."

"இல்லீல்ல? பொறவு எதுக்கு நிறுத்தினீங்க?"

"இல்லாததுனாலதானுங்க நிறுத்தினோம்."

எனக்குப் புரியவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "எங்க பையனுக்குப் பின் கழுத்துல மிச்சம் இருக்குதுங்க. முடி வெட்டற கடைல கழுத்துக்கு லேசர் பண்ணறப்பத்தான் தெரிஞ்சுது. மொதல்ல பேசுன பொண்ணு வீட்டுல அது எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு, மண்டபத்துல எல்லாத்துக்கும் முன்னால வெள்ளத்தோல்காரன்னு கத்திட்டுப் போனாங்க. பையன் ரெண்டு மாசம் வெளிய தல காட்டல. அதான் எங்க பையன மாதிரியே மிச்சம் இருக்கற பொண்ணாப் பாத்துட்டா நாளைக்கு ஒருத்தர ஒருத்தர் சொல்லிக்காட்ட முடியாதுன்னு நெனச்சோமுங்க. உங்க பொண்ணுக்கு ஏதாச்சும் இருக்கோணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. கையத் தடவிப் பாத்தா ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கற பொண்ணுக்கு எங்க பையன எப்படிங்க குடுக்கறது?"

"இருக்குதுங்க!" என்றேன். "என்ற பொண்ணுக்கு இருக்குதுங்க. அன்னைக்குக் காலைல நான்தான் நூல் போட்டு எடுத்தேன்."

அவர் என்னையே பார்த்தார். நம்பவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. நின்றுபோன கல்யாணத்தை ஒட்டவைக்கத் தாய் சொல்கிற பொய் என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான் எழுந்து நின்று, கொசுவத்தைத் தளர்த்தி, புடவையை இடுப்பிலிருந்து இறக்கிக் காட்டினேன். அக்காவுக்குக்கூடக் காட்டாததை அந்தப் பட்டப்பகலில் அவருக்குக் காட்டினேன். அவர் கிட்டே வந்து பார்த்தார். தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு அவரே என் கொசுவத்தைச் சேர்த்துச் சொருகிவிட்டார்.

"உங்களுக்கு இருக்குதுங்க" என்றார். "பொண்ணுக்கு இருக்குதுன்னு எப்படிங்க..."

"மொளைக்கட்டும். வந்து பாருங்க."

"சரிங்க" என்றார். "மொளைக்கட்டும்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எந்த முடியை எடுக்க அவ்வளவு பாடுபட்டோமோ அதே முடி முளைக்க வேண்டும் என்று காத்திருந்தோம். தினம் காலையில் சஷ்மிதா காப்பி குடிக்கும்போது என் வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியோடு அவள் கையைத் திருப்பிப் பார்ப்பார். அவள் மறு கையால் காப்பியைக் குடிப்பாள். ஒரு நாள் "மொளைக்குது கோகிலா!" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்குக் குலசாமி கண்ணைத் திறந்தது போல இருந்தது. சுகந்தி அம்மாளுக்குப் போன் செய்து நாள் சொன்னேன்.

சொன்னபடி அம்மாவும் பையனும் வந்தார்கள். சுகந்தி அம்மாள் கையில் வளையல் பெட்டி. ஹர்ஷா கழுத்துப் பட்டை வைத்த சட்டையில், கொஞ்சம் இளைத்துப் போய் வந்திருந்தான். போன் எடுக்காத குற்றத்துக்கு இந்த இளைப்பு சரியாகப் போயிற்று என்று நான் மனதுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொண்டேன். காப்பி வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

அவள் அரைக்கைச் சட்டையோடு வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மேஜைமேல் நீட்டினாள். நேற்றுவரை கண்ணால் பார்த்த அந்த முடியைக் காணோம். இடது கை மறுபடி மொழுமொழுவென்று இருந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"காலைல நான்தான் ஷேவ் பண்ணினேன்" என்றாள் சஷ்மிதா. "எனக்கு இருக்குதுங்க அத்தை. அம்மா வந்து சொல்லிட்டாங்க, இப்ப நானும் சொல்றேன். நான் சொல்றத நம்பறதுன்னா வளையலப் போடுங்க. கையப் பாத்தாத்தான் நம்புவோம்னா வேண்டாமுங்க."

கைகூடி வந்ததைத் தட்டிவிடுகிறாளே என்று அவளை இழுத்து நாலு சாத்தலாம் போல இருந்தது. சுகந்தி அம்மாள் அவள் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பெட்டியைத் திறந்தார்.

"நீ சொன்னாப் போதுஞ்சாமி" என்றார். "கையக் குடு."

"இருங்கம்மா" என்றான் ஹர்ஷா.

வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் சொல் அதுதான்.

"ஷேவ் பண்ணினது தானுங்களே, பத்து நாள்ல மொளைச்சிரும். பாத்துட்டே போட்டுக்கலாமே."

"தம்பி, அந்தப் புள்ள வாயத் தொறந்து சொல்லுது..."

"சொல்றதுக்கு என்னங்கம்மா? யாரு வேணா என்ன வேணாலும் சொல்லலாம்." அவன் சஷ்மிதாவைப் பார்த்தான். குரல் என்னவோ மென்மையாகத்தான் இருந்தது. "தப்பா நெனச்சுக்காத சஷ்மி. எனக்குப் பயமா இருக்குது. நாளைக்கு எனக்கு மட்டும் வெளுத்து, நீ சுத்தமா நின்னுட்டீன்னா? ஒருதரம் பட்டது போதும். பாத்துட்டா நிம்மதி, அவ்வளவுதான்."

சுகந்தி அம்மாள் வளையலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்துகொண்டார்.

"லேசர் பண்ணச் சொல்லலாம்னதே இவன்தானுங்க. கைய எப்படித் தடவிப் பாக்கோணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததும் இவன்தான். எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்?"

சஷ்மிதா தன் கைகளை மேஜையிலிருந்து எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போன எடுக்காம இருந்தது அத்தை சொல்லின்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள் அவனிடம்.

அவன் சட்டையின் கழுத்துப் பட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நீங்க வளையல் போட வந்தீங்க, எனக்கு அது போதுமுங்க அத்தை" என்றாள். "காப்பி ஆறுது. குடிச்சுட்டுப் போங்க."

சுகந்தி அம்மாள் மறுக்காமல் குடித்தார். ஹர்ஷா தொடவில்லை. வாசல் வரைக்கும் போன சுகந்தி அம்மாள் திரும்பி வந்து சஷ்மிதாவின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் அவளும் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எங்கேயோ ஓர் ஆட்டுக்கு வயிறு ஊதியிருக்கிறதாம். கண் சிவந்திருந்தது.

என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"அந்தம்மாவச் சந்தேகப்பட்டேன்" என்றார். "டாக்டர, தரகர, மிஷின, எல்லாத்தையும் பட்டேன். அந்தப் பையன மட்டும் ஒருதரங்கூடப் படல கோகிலா. அது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?"

"நம்ம பொண்ணு புடிச்சிருக்குன்னு சொன்ன ஆளுங்க" என்றேன். "எப்படிங்க தோணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் காப்பித் தம்ளர்களை நகர்த்தி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.